அச்சே இல்லாத அச்சு

தமிழில் 3டி பிரின்டிங்குக்கு ‘முப்பரிமாண அச்சு’ என்று பெயர் வைத்துவிட்டோம். பெயர் வைத்தவர் மேல் குற்றமில்லை. பிரின்டிங் என்றால் அச்சுதானே. ஆனால் அச்சு என்ற சொல்லுக்குப் புத்தகம் அடிப்பதைவிடப் பழைய பொருள் ஒன்று உண்டு. செங்கல் சூளையில் களிமண்ணை அறைந்து நிரப்பும் மரச்சட்டம் அச்சு. வெல்லம் காய்ச்சும் இடத்தில் பாகை ஊற்றும் குழிப் பலகை அச்சு. அதில் வார்த்து எடுப்பதால்தான் அது அச்சு வெல்லம். அப்பனைப் போலவே இருக்கும் பையனை ‘அச்சில் வார்த்த மாதிரி’ என்கிறோம். இந்தப் பழைய அச்சு இல்லாமலே பொருளைச் செய்துவிடுவதுதான் 3டி பிரின்டிங்கின் மொத்த விஷயமும். அச்சே வேண்டாத முறைக்கு அச்சு என்று பெயர் அமைந்துவிட்டது.

இந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டால் போதும். ‘இது வந்தால் தொழிற்சாலைகளை மூடிவிடுவார்களா? வேலை போய்விடுமா?’ என்று எல்லோரும் கேட்கும் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பொருள் செய்வதற்கு மனிதனுக்குத் தெரிந்த வழிகள் அதிகமில்லை. பெரிய கட்டியிலிருந்து வேண்டாததை நீக்குவது ஒன்று. மாமல்லபுரத்துச் சிற்பி உளியால் செய்வதும், டர்னர் லேத்தில் இரும்பைச் சீவுவதும் இதுதான். இளகிய பொருளை அச்சில் ஊற்றியோ அழுத்தியோ உருவம் கொடுப்பது இன்னொன்று. பிளாஸ்டிக் வாளி, பம்ப்செட்டின் உடல், காலை இட்லி எல்லாம் இந்த வகை. தனித்தனியாகச் செய்த துண்டுகளைப் பற்றவைத்தோ முடுக்கியோ ஒன்றாக்குவது மூன்றாவது. 3டி பிரின்டிங் இந்த வரிசையில் நான்காவது: வெற்றிடத்தில் தொடங்கி, வேண்டிய இடத்தில் மட்டும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போவது. சுவர் மூலையில் குளவி மண் கொண்டுவந்து கூடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான்.

இயந்திரம் இதைச் செய்யும் விதம் எளிது. கணினியில் பொருளின் வடிவத்தை வரைகிறோம். ஸ்லைசர் என்ற மென்பொருள் அந்த வடிவத்தை, வெங்காயத்தை வட்ட வட்டமாக அரிவதுபோல, நூற்றுக்கணக்கான மெல்லிய அடுக்குகளாக வெட்டுகிறது. பிரின்டர் கீழிருந்து ஒவ்வோர் அடுக்காக அதைக் கட்டி எழுப்புகிறது. வீட்டு பிரின்டரில் ஓர் அடுக்கின் உயரம் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் உயரப் பொருள் என்றால் 150 அடுக்கு.

என் வீட்டு மிக்ஸியின் திருகுக் குமிழ் உடைந்தபோதுதான் இதன் அருமையும் அவஸ்தையும் ஒரே வாரத்தில் புரிந்தது. கம்பியைப் போல் சுருளில் வரும் பிளாஸ்டிக்கை, அதாவது ஃபிலமென்ட்டை, உருக்கி மூக்கு வழியாக விடும் சிறிய பிரின்டர் என்னுடையது. ஜிலேபி பிழிகிறவரின் கையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு குமிழை அடிக்கப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் பொருள் தட்டில் ஒட்டாமல் நழுவி, இயந்திரம் மட்டும் கடமை தவறாமல் காற்றிலேயே பிழிந்துகொண்டிருந்தது. தட்டு முழுக்கச் சேமியா. இரண்டாம் முறை குமிழ் அழகாக வந்தது, ஆனால் மிக்ஸியின் தண்டு ஆங்கில டி எழுத்து வடிவில் இருக்கும். அதற்கான ஓட்டை ஒரு நூலிழை இறுக்கமாகிவிட்டது. கணினியில் ஓட்டையைக் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கினேன். மூன்றாவது குமிழ் பொருந்தியது. அடிக்க ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆனது. பிளாஸ்டிக் செலவு பத்துப் பன்னிரண்டு ரூபாய் இருக்கும். சாமான் கடையில் அதே குமிழ் 20 ரூபாய்க்குத் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை மனைவி அடுத்த வாரம்தான் சொன்னார்.

அந்த 20 ரூபாய்க் குமிழை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். இந்தத் தொழில்நுட்பத்தின் பொருளாதாரம் முழுவதும் அதில் அடங்கிவிடும்.

பிளாஸ்டிக் தொழிற்சாலையில் முதல் குமிழைச் செய்வதற்கு முன் எஃகில் ஓர் அச்சு வெட்ட வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் டை என்பார்கள், மோல்டு என்பார்கள். அதற்கு இரண்டு லட்ச ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். டை வந்துவிட்டால் அப்புறம் அரை நிமிடத்துக்கு ஒரு குமிழ் விழும். ஒன்றின் அடக்கம் மூன்று ரூபாய். 3டி பிரின்டரில் டை செலவு பூஜ்யம். ஆனால் இயந்திர நேரம், மின்சாரம், ஆள்கூலி எல்லாம் சேர்த்து ஒரு குமிழுக்கு 53 ரூபாய் ஆகிறது என்போம். ஒன்றுக்கு 50 ரூபாய் வித்தியாசம். இரண்டு லட்சத்தை 50-ஆல் வகுத்தால் 4,000. அதாவது 4,000 குமிழுக்குக் குறைவாகத் தேவைப்பட்டால் பிரின்டர் லாபம். அதற்கு மேல் போனால் டை லாபம். நேரத்தையும் பார்த்துவிடுங்கள். என் பிரின்டர் ஒன்றே இரவு பகலாக ஓடி 4,000 குமிழ் அடிக்க ஒன்பது மாதம் ஆகும். அச்சு வார்க்கும் இயந்திரத்துக்கு ஒன்றரை நாள் போதும்.

எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. பொருளுக்குப் பொருள் மாறும். ஆனால் கணக்கின் வடிவம் மாறாது. அச்சு வார்க்கும் முறையில் முதல் பொருள் மிக விலை உயர்ந்தது, லட்சமாவது பொருள் கிட்டத்தட்ட இலவசம். 3டி பிரின்டரில் முதல் பொருளும் நூறாவதும் ஏறக்குறைய ஒரே விலை. ஆகவே வாளியும் பேனா மூடியும் செய்யும் தொழிற்சாலையின் பக்கம் இது எட்டிப் பார்க்கக்கூட இல்லை. குறைவான எண்ணிக்கை, அல்லது ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு, அல்லது வேறு எந்த வழியிலும் செய்ய முடியாத வடிவம் என்று வந்தால்தான் இதன் ஆட்டம் தொடங்குகிறது.

உண்மையில் இது பிறந்ததே அச்சுக்காகக் காத்திருந்த எரிச்சலில்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சக் ஹல் என்ற பொறியாளர், மேசைப் பலகைகளின் மேல்பூச்சைப் புற ஊதா ஒளியால் இறுக வைக்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தார். புதிதாக ஒரு பிளாஸ்டிக் பாகத்தை யோசித்தால், அதன் மாதிரி கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். டை வெட்ட வேண்டுமே. ஒளி பட்டால் இறுகும் அதே திரவத்தை அடுக்கடுக்காக இறுக வைத்தால் என்ன என்று அவர் முயன்று, 1983 மார்ச்சில் கண் கழுவும் சிறு கோப்பை ஒன்றைச் செய்து காட்டினார். 1986-இல் காப்புரிமை கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து ஸ்காட் கிரம்ப் என்பவர், பசைத் துப்பாக்கியில் பிளாஸ்டிக்கை உருக்கி மகளுக்கு ஒரு பொம்மைத் தவளை செய்யப்போய், இன்று என் மேசையில் இருக்கும் பிழியும் முறையைக் கண்டுபிடித்தார். அதன் காப்புரிமை 2009-இல் காலாவதியான பிறகுதான் லட்ச ரூபாய் இயந்திரம் செல்போன் விலைக்கு இறங்கியது.

ஒளியால் இறுகும் திரவம், உருகிய பிளாஸ்டிக் இரண்டுக்கும் அடுத்து, தொழிற்சாலையைப் பொறுத்தவரை முக்கியமானது மூன்றாவது வகை பிரின்டர்: உலோகப் பொடி. மாவு போன்ற உலோகப் பொடியைத் தலைமுடியைவிட மெல்லிய படலமாகப் பரப்புவார்கள். கணினி சொல்லும் இடத்தில் மட்டும் லேசர் கதிர் பட்டு அது உருகி ஒட்டும். அதன்மேல் அடுத்த படலம். இப்படி ஆயிரக்கணக்கில். முடிந்ததும் பெட்டியைத் திறந்தால் பொடிக்குள் புதைந்து ஒரு பொருள் இருக்கும், தொல்லியல் குழியில் கிடைப்பதைப் போல. ஊதியும் துலக்கியும் வெளியே எடுக்க வேண்டும்.

வேலைகளுக்கு இதனால் என்ன ஆகும் என்று புரிய, இந்த வகையில் செய்த ஒரு பொருளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பத்தொன்பது பற்றவைப்புகள்

2024 மே 9 அன்று, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையத்தில் ஒரு ராக்கெட் எஞ்சினை 665 விநாடி எரியவிட்டுச் சோதித்தார்கள். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தில் பயன்படும் பி.எஸ்.4 எஞ்சின் அது. பல ஆண்டுகளாகப் பறந்துகொண்டிருக்கும் பழைய எஞ்சின்தான். இந்த முறை 3டி பிரின்டிங்குக்கு ஏற்ப மாற்றி வரைந்து செய்திருந்தார்கள். இஸ்ரோ அப்போது வெளியிட்ட எண்களைப் பாருங்கள். முன்பு 14 பாகங்களாக இருந்தது ஒரே பாகம் ஆகிவிட்டது. 19 பற்றவைப்புகள் இல்லாமல் போயின. முன்பு ஓர் எஞ்சினுக்கு 565 கிலோ உலோகத் தகடும் அடித்து வடித்த கட்டிகளும் தேவைப்பட்டன, இப்போது 13.7 கிலோ பொடி. செய்யும் நேரத்தில் 60 சதவீதம் மிச்சம்.

செய்திகளில் எல்லோரும் அந்தக் கிலோ கணக்கைத்தான் வியந்தார்கள். எனக்குக் கண்ணில் பட்டது 19 என்ற எண். ஒரு பற்றவைப்பு என்றால் ஒரு வெல்டர் மட்டும் இல்லை. இரண்டு பாகங்களும் சரியாகப் பொருந்தும்படி விளிம்பைச் சீவும் ஃபிட்டர், பிடித்து வைக்க ஃபிக்சர் செய்கிறவர், பற்றவைத்த இடத்தில் விரிசல் உண்டா என்று எக்ஸ்ரே எடுக்கிறவர், அதைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவர், கோளாறு என்றால் திரும்பச் செய்கிறவர். இது 19 முறை. அப்புறம் அந்த 14 பாகங்கள்: ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம், தனிக் கொள்முதல், தனி அளவுச் சோதனை. 565 கிலோவிலிருந்து பெரும்பகுதியைச் சீவித் தள்ளிய இயந்திரங்கள், அவற்றின் ஆபரேட்டர்கள், அந்தச் சீவலை எடைக்கு வாங்கிப் போகும் ஸ்கிராப்காரர் வரை ஒரு நீண்ட சங்கிலி.

இப்போது அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்? பொருளை எந்தக் கோணத்தில் நிறுத்தி அடிக்க வேண்டும், எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் வடிவமைப்பாளர். பொடியைச் சலித்து, ஈரம் படாமல் வைத்து, இயந்திரத்தில் இட்டு, ஓட்டம் முழுக்கக் கண்காணிக்கும் ஆபரேட்டர். சூட்டு உலையில் வைத்து உலோகத்துக்குள் தங்கிய இறுக்கத்தைத் தளர்த்துகிறவர். அடித்தட்டிலிருந்து ஒயர்-கட் என்ற மெல்லிய கம்பி இயந்திரத்தால் அறுத்து எடுக்கிறவர். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓட்டை உண்டா என்று ஸ்கேன் பார்க்கிறவர். ஆட்கள் குறைவு, ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது அதிகம்.

பி.எஸ்.எல்.வி. ஆண்டுக்குச் சில முறைதான் பறக்கிறது. ஆகவே இந்த ஓர் எஞ்சினால் எந்த வெல்டர் வீட்டிலும் உலை அணையவில்லை. ஆனால் 3டி பிரின்டிங் எந்த இடத்தில் கைவைக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறோர் உதாரணம் எனக்குத் தெரியாது. அது கைவைப்பது பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில். இணைக்கும் வேலை, பொருத்தும் வேலை, இணைத்ததைச் சோதிக்கும் வேலை: அவைதான் முதலில் கரைகின்றன.

இதே கதை விமான எஞ்சினிலும் நடந்திருக்கிறது. ஏர்பஸ் ஏ320நியோ, போயிங் 737 மேக்ஸ் விமானங்களில் வரும் லீப் எஞ்சினுக்கு ஜி.ஈ. நிறுவனம் எரிபொருள் தெளிக்கும் மூக்கு ஒன்றைச் செய்கிறது. முன்பு சுமார் 20 பாகங்களைச் சேர்த்துப் பற்றவைக்க வேண்டியிருந்தது ஒரே துண்டானது. எடை கால்வாசி குறைந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஆபர்ன் ஆலையில் 2021-க்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்தை ஒட்டி வளர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ் என்ற ராக்கெட் நிறுவனம், ஒரே துண்டாக அடித்த எஞ்சினுடன் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட் ஒன்றைப் பறக்கவிட்டது. மகேந்திரகிரிச் சோதனைக்கு மூன்று வாரம் கழித்து.

இதில் நம் ஊருக்கு ஒரு சங்கடமான விஷயம் உண்டு. கோவை, ஓசூர், அம்பத்தூர் போன்ற இடங்களில் பட்டறைகள் பெரும்பாலும் ஜாப் ஒர்க்கில் வாழ்கின்றன. பெரிய நிறுவனம் முழுப் பொருளையும் செய்யும். அதில் ஒரு புஷ், ஒரு ஃபிளாஞ்ச், ஒரு பிராக்கெட் மட்டும் ஒரு பட்டறைக்குப் போகும். நாலு லேத், ஆறு ஆள், ஒரே பாகம். பதினான்கு பாகம் ஒன்றாகும் என்றால், பெரிய நிறுவனத்துக்கு அது சிக்கனம். பதிமூன்று பட்டறைகளுக்கு அது ஆர்டர் வராத மாதம். ‘ரோபோ வந்து தொழிலாளியைத் துரத்தும்’ என்று நாம் கற்பனை செய்யும் காட்சி இதில் வராது. யாரையும் யாரும் துரத்த மாட்டார்கள். போன் வராது, அவ்வளவுதான். இப்போதைக்கு இது பெரும்பாலும் ராக்கெட், விமானம், மருத்துவக் கருவி ஆகியவற்றோடு நிற்கிறது. உலோகப் பொடியின் விலையும் இயந்திரத்தின் மெதுவான வேகமும் அதற்குக் காரணம். பம்ப்செட் பக்கமும் டிராக்டர் பக்கமும் அது வர எத்தனை ஆண்டாகும் என்று ஜோசியம் சொல்ல நான் தயாரில்லை.

காது, பல், மோதிரம்

ஒவ்வொருவருக்கும் அளவு மாறும் பொருள் என்றால் அது உடம்பைத் தொடும் பொருள்தான். அங்கே இந்த மாற்றம் ஏற்கனவே முடிந்துபோன கதை.

காதுக்குள் வைக்கும் கேட்புக் கருவியின் வெளி ஓடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் காதுக்குள் மெழுகு போன்ற பொருளை விட்டு அளவெடுத்து, அதிலிருந்து அச்சு செய்து, ஓடு வார்த்து, கைத்தேர்ச்சி உள்ளவர் ராவிச் சரிசெய்வார். இப்போது அந்த அளவை ஸ்கேன் செய்து கணினியில் திருத்தி ரெசினில், அதாவது ஒளி பட்டால் இறுகும் திரவத்தில், அடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இந்தத் தொழில் முழுவதும் 500 நாளுக்குள் புதிய முறைக்கு மாறியது. மாறாத நிறுவனங்கள் காணாமல் போயின. இனி அந்தந்த நாட்டிலேயே அடித்துக்கொள்வார்கள், ஏற்றுமதி படுத்துவிடும் என்றுதானே நினைப்போம்? உலக வங்கி ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது நேர் எதிராக இருந்தது: புதிய முறை வந்த பின் கேட்புக் கருவிகளின் உலக வணிகம் பாதிக்கும் மேல் கூடியிருந்தது. பொருள் நன்றாகப் பொருந்தியது, வாங்குவோர் கூடினார்கள், இயந்திரத்தையும் ஆட்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பெரிதாகச் செய்யும் நாடுகள் எல்லோருக்கும் விற்றன. முன்பு அரத்தால் ராவியவரின் வேலையை இப்போது மவுஸ் பிடித்தவர் செய்கிறார். வேலை இருக்கிறது. அதே ஆளுக்கா என்பது வேறு கேள்வி.

பல் வரிசையைச் சீராக்கும் கண்ணாடி போன்ற கிளிப்புகளில் இன்னொரு வேடிக்கை. அவற்றை நேரடியாக பிரின்ட் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. ஒவ்வொருவருடைய பல்லின் வடிவத்தையும் பிரின்டரில் அடித்து, அதன்மேல் சூடான பிளாஸ்டிக் தாளை இழுத்துப் படியவைத்து எடுக்கிறார்கள். அடித்தது என்ன? அச்சு! ஒரே ஒரு முறை பயன்பட்டுத் தூக்கியெறியப்படும் அச்சு. இதில் முன்னோடியான அலைன் டெக்னாலஜி நிறுவனத்துக்கு வேலை நடக்கும் இடங்களும் கவனிக்க வேண்டியவை. பல்லை எந்த வாரம் எவ்வளவு நகர்த்துவது என்று திரையில் திட்டமிடுகிறவர்கள் பலர் கோஸ்டாரிகாவில், அடிக்கும் பெரிய ஆலை மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரில், பல் யாருடையதோ. இயந்திரம் வந்ததும் வேலை வீட்டுப் பக்கத்துக்கு வந்துவிடவில்லை. கணினிக்கு ஆள் மலிவாகக் கிடைக்கும் ஊருக்குப் போயிருக்கிறது.

நகைத் தொழிலில் நடந்ததைப் பார்க்கக் கோவைக்கே போகலாம். மோதிரத்துக்கும் தொங்கட்டானுக்கும் முதல் மாதிரியை மெழுகில் செதுக்குவதோ வெள்ளியில் செய்வதோ அனுபவப்பட்ட ஆசாரியின் வேலை. அந்த மாதிரியை வைத்துத்தான் நூறு நூறாக வார்ப்பார்கள். இன்று பெரிய பட்டறைகளில் அந்த முதல் மாதிரி கணினியில் பிறக்கிறது. மெழுகு போல் எரிந்துபோகும் ரெசினில் பிரின்டர் அடித்துத் தருகிறது. அதைச் சுற்றிப் பூச்சு ஊற்றி, எரித்து, அந்தக் குழியில் தங்கத்தை வார்க்கிறார்கள். சுவாமிமலைச் சிலைக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான், மெழுகைச் செய்யும் கைதான் மாறியது. கேட் (CAD) டிசைனர், அதாவது கணினியில் நகையை வரைகிறவர், என்றொரு வேலை முளைத்தது. மெழுகு செதுக்கியவருக்குக் கிராக்கி குறைந்தது. வார்த்த பின் ராவுகிறவர், கல் பதிக்கிறவர், பாலிஷ் போடுகிறவர் அப்படியே இருக்கிறார்கள். வைரத்தைப் பிடிக்கும் அந்தச் சிறு நகங்களை மடக்க இன்னும் கையும் கண்ணும்தான் வேண்டும்.

வாய் கிழியப் பேசியதும் நடந்ததும்

2013 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ஒபாமா நாடாளுமன்ற உரையில் 3டி பிரின்டிங்கைக் குறிப்பிட்டு, ஏறக்குறைய எல்லாப் பொருளையும் செய்யும் விதத்தை இது புரட்டிப்போடக்கூடும் என்றார். எஃகு ஆலைகள் மூடி நொடிந்துபோன யங்ஸ்டவுன் நகரில் இதற்காக ஒரு மையம் திறந்திருந்தார்கள். சீனாவுக்குப் போன வேலை திரும்பி வரும் என்ற நம்பிக்கை அப்போது காற்றிலேயே இருந்தது. வீட்டுக்கு ஒரு பிரின்டர், கடைக்கே போக வேண்டாம் என்றெல்லாம் எழுதினார்கள்.

அந்த நம்பிக்கையின் முகமாக இருந்தது நியூயார்க்கின் புரூக்ளினில் பிரின்டர் செய்த மேக்கர்பாட். 2013-இல் 40 கோடி டாலருக்கு அதை ஸ்ட்ராட்டசிஸ் என்ற நிறுவனம் வாங்கியது. 2016-இல் புரூக்ளின் ஆலையை மூடி, உற்பத்தியை ஒப்பந்த நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துவிட்டார்கள். உற்பத்தியை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரும் என்று சொல்லப்பட்ட இயந்திரத்தையே ஊரில் செய்து கட்டுப்படியாகவில்லை. இன்று உலகத்து மேசைகளில் இருக்கும் மலிவு விலை பிரின்டர்களில் பெரும்பாலானவை சீனாவின் ஷென்சென் நகரத்தவை. என்னுடையதும்தான். 2014-இல் கண்காட்சி அரங்கிலேயே 44 மணி நேரத்தில் கார் உடலை அடித்துக் காட்டிய லோக்கல் மோட்டார்ஸ் 2022 ஜனவரியில் கடையைக் கட்டியது.

காலணித் தொழிலாளர்களுக்கும் இதே பயம் காட்டினார்கள். அடிடாஸ் நிறுவனம் ரோபோவும் கணினியுமாக ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் அதிவேக ஆலைகள் திறந்தபோது, ஆசியாவின் ஷூ வேலை இதோடு முடிந்தது என்றார்கள். 2019 நவம்பரில் அவற்றை மூடுவதாக அறிவித்து, அந்தத் தொழில்நுட்பத்தை வியட்நாம், சீன ஆலைகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆம்பூரிலும் செய்யாறிலும் ஷூ தைக்கும் பெண்களுக்கு அந்த அத்தியாயத்தால் ஒன்றும் ஆகவில்லை.

வீடு கட்டுவதைப் பற்றியும் கேட்பார்கள், அதனால் இரண்டு வரி. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021-இல் 600 சதுர அடி வீடு ஒன்றைக் காங்கிரீட் பிரின்டரில் எழுப்பினார்கள்; 2023-இல் பெங்களூரில் ஓர் அஞ்சலகமே வந்தது. அடிக்கப்படுவது சுவர். அஸ்திவாரம், ஒயரிங், குழாய், பூச்சு, டைல்ஸ் எல்லாம் பழைய ஆட்கள்தான். கொத்தனார் கிடைக்காமல் அல்லாடுகிற எவரும் இதைக் கேட்டால் பயப்பட மாட்டார்கள், எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள்.

உண்மையில் இந்த இயந்திரம் தன் குணத்தை வெளிப்படுத்தியது 2020 மார்ச்சில். இத்தாலியின் பிரெஷியா பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் கொரோனா நோயாளிகளுக்கான சுவாசக் கருவியின் வால்வு தீர்ந்துபோனது. தயாரிப்பாளரால் உடனே கொடுக்க முடியவில்லை. உள்ளூரில் இருந்த இசின்னோவா என்ற சிறு நிறுவனத்தார் பழைய வால்வை அளந்து வரைந்து, உடனடியாக அடித்துக் கொடுத்தார்கள். அதே நாட்களில் உலகம் முழுக்க வீட்டு பிரின்டர்கள் முகக் கவசத்தின் நெற்றிப் பட்டையை அடித்தன. ஓரிரு மாதத்தில் டை தயாரானதும் அதே பட்டை வார்ப்பு இயந்திரத்திலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் கொட்டியது. வீட்டு பிரின்டர்கள் ஓய்ந்தன. நம்முடைய அந்த 4,000 குமிழ்க் கணக்குதான், நாடு நாடாக.

பட்டறைக்குள்

கோவையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் பிரின்டிங் கடை நடத்துகிறார். பன்னிரண்டு பிளாஸ்டிக் இயந்திரம், இரண்டு ரெசின் இயந்திரம், ஒரு பழைய லேத். முதல் முறை போனபோது ஆளில்லாத அறையில் இயந்திரங்கள் தானாக ஓடும் என்று எதிர்பார்த்தேன். இரவில் அப்படித்தானாம். பகலில் அங்கே எட்டுப் பேர். இருவர் கணினியில். ஒருவர் மூக்கு அடைத்துக்கொண்ட இயந்திரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் மேசையைச் சுற்றி அமர்ந்து, இடுக்கியும் கத்தியும் உப்புத்தாளுமாகப் பொருட்களிலிருந்து முட்டுகளைப் பிய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பிரின்டர் அந்தரத்தில் எதையும் கட்ட முடியாது; தொங்கும் பகுதிக்குக் கீழே சாரம் போல சப்போர்ட் கட்டும். அதை எடுப்பது கை வேலை. பார்க்கத் தீப்பெட்டித் தொழிற்சாலை மாதிரி இருந்தது. எதிர்காலத் தொழிற்சாலை என்று யாரும் படம் போட மாட்டார்கள்.

லேத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பேரிங் உட்காரும் ஓட்டை பிரின்டரில் துல்லியமாக வராது. கொஞ்சம் சிறிதாக அடித்து, பிறகு இவரிடம் வரும். “அடிச்சுக் குடுக்கறதோட அது வேலை முடிஞ்சுதுங்க. அளவுக்குக் கொண்டு வர்றது நாமதானுங்க,” என்றார். கணினியில் இருந்த இருவரில் ஒருவர் டிப்ளமோ முடித்த இருபத்திரண்டு வயதுப் பெண். எந்தப் பக்கத்தைக் கீழே வைத்து அடித்தால் சப்போர்ட் குறையும் என்பதை அவர் பெரியவரிடம் கேட்டுத்தான் தீர்மானிக்கிறார். எந்தப் பக்கத்தை லேத் சக்கில் பிடிக்க முடியும் என்று பெரியவருக்குத்தானே தெரியும். “தாத்தா, இப்படி நிறுத்தினா உங்களுக்குப் பிடிக்க வருமா?” என்று அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டியதைப் பார்த்தேன். மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட தேசியத் திட்டத்தில் இந்தத் துறைக்கு ஒரு லட்சம் தேர்ச்சி பெற்ற ஆட்களை உருவாக்குவோம் என்று இருக்கிறது. அரசு இலக்குகள் எப்போதும் முழு எண்ணாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு லட்சத்தில் எத்தனை பேர் மென்பொருள் மட்டும் படித்தவர்கள், எத்தனை பேர் லேத் பக்கமும் நின்றவர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. பையனை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது, வரைபடமும் உலோகமும் தெரிந்த பிறகு இந்த இயந்திரத்தைக் கற்க மூன்று மாதம் போதும்; இயந்திரத்தை மட்டும் கற்றவனுக்கு மற்ற இரண்டும் மூன்று மாதத்தில் வராது என்பதைத்தான்.

போன மாதம் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். ஒரு வாடிக்கையாளருக்குச் சொட்டுநீர்க் குழாயில் மாட்டும் கிளிப் ஒன்றை முதலில் 40 அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். தோட்டத்தில் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு முறை திருத்தினார்களாம். மூன்றாவது வடிவம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இப்போது 10,000 வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் சந்தோஷமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. என் எதிரிலேயே போனை எடுத்து, டை வெட்டுகிற ஒருவரை அழைத்தார்.

“அண்ணே, ஒரு சின்ன கிளிப்பு. டை எப்பக் கிடைக்கும்?”

ஆறு வாரம் ஆகுமாம். அதுவரை வாரத்துக்கு 300 வீதம் அடித்துக் கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட, அந்தப் பெண்ணை அழைத்தார்.